தொப்பி ஓரத்து மடிப்பு

எனக்குக் கோபம் வந்தால் ஊசியில் நூல் கோக்க வராது. கை நடுங்கும். அதனால் கடைக்குள் கோபப்படுவதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறேன். கொட்டகலை பஜாரில் ஒரு பலசரக்குக் கடையின் மாடிப்படிக்குக் கீழேதான் என் தையல் மெஷின் இருக்கிறது. பள்ளிக்கூடச் சட்டை, ரவிக்கை, சேலைக்கு ஃபால்ஸ், இவைதான் பிழைப்பு. யோகேஸ்வரிக்கு வாய் நீளம், ஆனால் தையல் பிரியாது என்று பஜாரில் சொல்வார்கள். இரண்டுமே உண்மைதான்.

அந்தக் கொள்கையைக் கெடுத்தவர் என் தங்கை டிலானியின் புருஷன் கஜேந்திரன். ஜூலை மாதத்து மழையில், ஒரு சனிக்கிழமை காலை, ரெயின்கோட்டுக்குள் ஒரு பையை அணைத்துக்கொண்டு வந்தார். பெஞ்சில் உட்காரவில்லை. பையிலிருந்து எதையோ எடுத்து என் மெஷின் மேல் வைத்தார்.

"இது என்னா தம்பி, அப்பளமா?" என்று கேட்டேன்.

"தொப்பி, மதினி."

அதைத் தொப்பி என்று நம்புவதற்குச் சற்று நேரம் பிடித்தது. நடுவில் ஒரு குழி, அதைச் சுற்றி எண்ணெயில் போட்ட அப்பளம் போல மேலும் கீழும் நெளிந்த ஒரு விளிம்பு. விளிம்பின் ஓரத்தில் கட்டியிருந்த கபில நிற ரிப்பன் மடிந்து மடிந்து தொங்கியது. அது எந்தத் தொப்பி என்று எனக்குத் தெரியும்.

கஜேந்திரனுக்கு வேலை அக்கரப்பத்தனைப் பக்கம், அவர்கள் லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்திலேயே. மேல் டிவிசனில் இருந்த பழைய துரை பங்களாவை இப்போது ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். வாசலில் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும், கார் கதவைத் திறந்துவிட வேண்டும், வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி நீட்ட வேண்டும். அந்தத் தொப்பி கடையில் வாங்கியதல்ல. பங்களாவின் பழைய அலுமாரியில், வெள்ளைக்கார துரைமார் காலத்திலிருந்து கிடந்தது. கொழும்பிலிருந்து வருகிறவர்களும் வெளிநாட்டுக்காரர்களும் அதோடு சேர்த்து அவரைப் படமெடுப்பார்கள். தொப்பி பங்களாக் கேட்டைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். வேலை முடிந்ததும் வாசலுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

"ஆணியில இருக்க வேண்டியது இங்க எப்படி வந்துச்சு?"

அவர் தரையைப் பார்த்தார். "பாப்பா கேட்டா மதினி. தொப்பி போட்ட அப்பாவ லயத்துல எல்லாருக்கும் காட்டணும்னா. நேத்து அந்தி போட்டுக்கிட்டு எறங்கிட்டேன். சனி, ஞாயிறு எனக்கு லீவு. திங்கக்கிழம காலையில கொண்டு போயி மாட்டிடலாம்னு நெனச்சேன். பாதி வழியில மழ புடிச்சிருச்சு."

"பாப்பாவுக்காகவா, நீங்க மைனர் நட நடக்கவா?"

"ரெண்டுந்தான்," என்றார். மனுஷனிடம் எனக்குப் பிடித்தது அந்த நேர்மைதான்.

மீதியை நானே ஊகித்திருப்பேன். நனைந்து வந்த தொப்பியை டிலானி வாங்கி, துடைத்து, அடுப்புக்கு மேலே கட்டியிருக்கும் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறாள். லயத்தில் பிறந்த யாரும் அதைத்தான் செய்வார்கள். இந்த மாதங்களில் எங்கள் பக்கம் வெயில் என்பது வானொலியில் சொல்கிற ஒன்று. பிள்ளைகளின் சப்பாத்து, காலுறை, வெள்ளைச் சட்டை, விறகு எல்லாம் அடுப்புக்கு மேலேதான் காயும். கம்பளி போர்த்தித் தேயிலை கிள்ளிய காலத்தில் அந்தக் கம்பளியும் அங்கேதான் காய்ந்தது. ஆனால் தொப்பி கம்பளியல்ல. காலையில் பார்த்தபோது அது காய்ந்திருந்தது, கூடவே சுருண்டும் போயிருந்தது.

"கொஞ்சமாவது யோசன இருக்கா அவளுக்கு?" என்றார் கஜேந்திரன். "அடுத்தவன் சாமான அடுப்புக்கு மேல போடுவாங்களா? காலையிலருந்து நான் அவகூடப் பேச்சே வச்சுக்கல."

இங்கேதான் என் கொள்கை கெட்டது. நான் மரியாதை குறையாமல் திட்டக்கூடியவள்.

"தம்பி, ஈரச் சாமான அடுப்புக்கு மேல போடாம அவ தலைக்கு மேலயா போடுவா? அத கேட்டுக்கு வெளிய கொண்டாந்தது அவளா? போட்டுக்கிட்டு ஆடிக்கிட்டு எறங்குனது அவளா? பேச்சு வச்சுக்கலயாம். பெரிய பேச்சு."

அவர் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு, "திங்கக்கிழம பின்னேரம் மொதலாளி கொழும்புலருந்து வர்றாரு. என்னைய நிரந்தரமாக்குறதா இல்லியான்னு அன்னைக்குத்தான் முடிவு. இத அவரு பாத்தா கத முடிஞ்சிச்சு. திரும்பக் கொழும்புதான்," என்றார்.

கொழும்பு என்ற அந்த ஒரு சொல்லில் என் கோபம் இறங்கிவிட்டது.

கல்யாணமான மறு வருஷமே அவர் கொழும்புக்குப் போனார், ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு. தீபாவளிக்கும் தேருக்கும் மட்டும் வருவார். பிள்ளை பிறந்தபோதும் அங்கேதான் இருந்தார். அவர் வரும்போதெல்லாம் அந்தப் பிள்ளை யாரோ வந்திருப்பதாகப் பயந்து டிலானியின் சேலைக்குள் ஒளிந்துகொள்ளும். ஒருமுறை நானே பார்த்தேன். இவர் பொம்மையை நீட்டிக்கொண்டு குந்தியிருக்கிறார், அது வீறிட்டு அழுகிறது. பங்களாவில் வேலை கிடைத்த பிறகுதான் குடும்பம் ஒரு கூரைக்குக் கீழே வந்தது. இப்போது பிள்ளை அப்பாவை லயம் முழுவதற்கும் காட்ட வேண்டும் என்கிறது. இந்தச் சனியன் பிடித்த தொப்பியால் அது போய்விடக்கூடாது.

"சரி, கண்ணத் தொடைங்க. எனக்குத் தொப்பியப் பத்தி ஒன்னும் தெரியாது. பாப்போம்," என்றேன்.

அவருடைய போனில் தேடினோம். ஏதோ ஒரு நாட்டில் ஒரு தாடிக்காரர் பழைய தொப்பிகளைச் செப்பனிடுகிறார். அவர் பேசியது பாதி புரியவில்லை, சிக்னல் வேறு நின்று நின்று வந்தது, ஆனால் கை வேலைக்கு மொழி எதற்கு? பார்த்துக்கொண்டே விளங்கிக்கொண்டேன். இந்தத் துணியில் நூலும் இல்லை, நெசவும் இல்லை. முயல் மயிரை நனைத்து, பிசைந்து, அமுக்கி அமுக்கிச் செய்தது. நனைந்து சூடேறினால் இன்னும் இறுகிக்கொள்ளும். அதுதான் நடந்திருக்கிறது. துணி சுருங்கிவிட்டது, ரிப்பன் சுருங்கவில்லை. அதனால்தான் அந்த அப்பளக் கோலம்.

ஓரத்தை எப்படி முடிப்பது என்பதிலும் பல விதம் இருந்தது. சில தொப்பிகளின் விளிம்பை வட்டமாக வெட்டி அப்படியே விட்டிருந்தார்கள். நெசவில்லாததால் நூல் பிரியாது. சிலவற்றுக்குப் பட்டு ரிப்பனை இரண்டாக மடித்து ஓரத்தைக் கவ்வவிட்டுத் தைத்திருந்தார்கள். இன்னும் சிலவற்றில் ஓரத்தையே ஒரு விரல் அகலம் மடித்து, தையலே வெளியில் தெரியாமல் பிடித்திருந்தார்கள். தாடிக்காரர் அந்த மூன்றாவது வகையைக் காட்டும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். விலை கூடியதாக இருக்க வேண்டும்.

எங்கள் தொப்பியில் இருந்தது ரிப்பன். ஆவி காட்டினால் நெளிவு போகும், அது சரி. ஆனால் விளிம்பின் அகலம் குறைந்துவிட்டதே. முன்பு எடுத்த படத்தில் தொப்பியின் நிழல் கஜேந்திரனின் மூக்கு வரை விழுகிறது. இப்போது தலையில் வைத்துப் பார்த்தால் நெற்றியையே மூடவில்லை. சட்டையென்றால் ஒட்டுப் போட்டுச் சமாளிப்பேன். இதற்கு எங்கே போய் ஒட்டுத்துணி வாங்குவது?

முதலில் ரிப்பனைக் கழற்றலாம் என்று பிளேடை எடுத்தேன். நூல் பழையது, தொட்டதும் அறுந்தது. ஒரு சாண் நீளம் கழன்றதும் நான் நிறுத்திவிட்டேன்.

"என்னா மதினி? கிழிஞ்சிருச்சா?"

"பேசாதீங்க."

ரிப்பனுக்குக் கீழே ஓரம் வெட்டிவிட்டபடி இல்லை. அது மடிப்பு. ஒரு விரல் அகலத்துக்கு மேல்பக்கமாக மடித்து, தட்டையாக அமுக்கி வைத்திருந்தது. அந்தத் தாடிக்காரர் குரலைத் தாழ்த்திய அதே மூன்றாவது வகை. மடிப்பின் முனை நாள்பட்டுத் தேய்ந்திருந்தது. தேய்மானத்தை மறைக்கத்தான் பிறகு யாரோ மேலே ரிப்பன் கட்டியிருக்கிறார்கள். நான் தொப்பியைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தேன். ஒரு தையல் புள்ளிகூட இல்லை. விரலால் மடிப்பை நெம்பிப் பார்த்தபோதுதான் நூல் தெரிந்தது. ஊசியைத் துணியின் பாதிக் கனத்துக்குள்ளேயே விட்டு, மறுபக்கம் எட்டாமல் திருப்பி எடுத்திருக்கிறான், தொப்பியை முதலில் செய்த அந்த ஆள். சேலைக்கு ஃபால்ஸ் தைக்கும்போது நானும் ஒரு இழையை மட்டும் குத்தி எடுப்பேன், ஆனால் எனக்கு இழை என்று ஒன்று இருக்கிறது. அவனுக்கு அதுவும் இல்லை.

"தம்பி, ஒங்களுக்கு யோகமிருக்கு," என்றேன். "உள்ளுக்குத் துணி இருக்கு."

அவருக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூடக் கவுன் தைக்கும்போது பிள்ளை வளரும் என்று கீழே அகலமாக மடித்துத் தைப்போமே, அதைப்போல இங்கேயும் சுற்றிவரத் துணி மடிந்து கிடக்கிறது, அதைப் பிரித்துவிட்டால் சுருங்கிய அளவு திரும்பிவிடும் என்று விளக்கினேன். அவர் சிரித்தார், அன்றைக்கு முதல் தடவையாக.

அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. எந்த ஊரோ, எந்தக் குளிரோ. வெட்டிவிட்டிருந்தால் அவனுக்கு வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். அப்படிச் செய்யாமல் பொறுமையாக மடித்துத் தைத்திருக்கிறான். அவன் பார்த்தேயிராத ஒரு லயத்தில், அவன் பெயர் தெரியாத ஒரு குடும்பத்துக்கு அது வந்து உதவுகிறது. நான் கோயிலில் கும்பிடுவதுபோல அந்தத் தொப்பியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கஜேந்திரன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அன்று பின்னேரம் வரை மடிப்பைப் பிரிப்பதிலேயே போனது. துணி அறுந்துவிடாமல் ஒவ்வொரு தையலாக எடுக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே கஜேந்திரன் திரும்பவும் வந்துவிட்டார்.

"டிலானிகிட்ட பேசுனீங்களா?"

"தொப்பி சரியாகட்டும் மதினி. மனசு அங்க இல்ல."

நான் கோபத்தை விழுங்கிக்கொண்டேன். நூல் கோக்க வேண்டியிருந்தது.

கேத்தலைக் கொதிக்க வைத்து ஆவியில் விளிம்பைக் காட்டினோம். துணி மெல்ல இளகியது. பிரித்த மடிப்பு லேசில் தட்டையாகவில்லை. உள்பக்கமாகவே கிடந்து பழகியதால் வட்டம் குறுகி, கிண்ணம் போல மேலே தூக்கியது. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து, கஞ்சி போட்ட சேலையை உதறி இழுப்பதுபோல இழுத்தோம். சூட்டில் விரல் பொத்துப்போனது. இழுத்து, திருப்பி, ஆவி காட்டி, மறுபடி இழுத்து, கடைசியில் ஈரத்துணி போட்டு அயன் வைத்ததும் விளிம்பு மேசையோடு படிந்தது. தலை நுழைகிற பக்கமும் இறுகியிருந்தது. அதற்கு ஓர் அலுமினியக் குண்டானைக் கவிழ்த்து, அதன் மேல் தொப்பியை இழுத்து மாட்டி வைத்தேன். சோற்றுப் பானைக்குத் தொப்பி போட்டதுபோல இருந்தது. வாசலில் வந்த ஒரு பெண் ரவிக்கை வாங்க வந்ததை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பழைய மடிப்பின் முனை இருந்த இடத்தில் சுற்றிவர வெளிறிய கோடு ஒன்று தெரிந்தது. சில இடங்களில் துணி மெலிந்தும் இருந்தது. மெலிந்த இடங்களில் அந்த ஆள் செய்ததைப் போலவே பாதிக் கனத்துக்குள் ஊசி விட்டுப் பிடித்தேன். இரண்டு தடவை ஊசி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. பிரித்துத் திரும்பப் போட்டேன். கோட்டுக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது கஜேந்திரன்தான் சொன்னார்.

"தொப்பி தேத்தண்ணிக் கலர்தானே மதினி?"

இறுக்கமான தேயிலைச் சாயத்தில் பஞ்சைத் தொட்டு ஒற்றினோம். காய்ந்ததும் கோடு இருந்த இடம் தெரியவில்லை. தேயிலை மலையிலேயே கிடந்த தொப்பிக்கு அது புதிதாகவும் இருக்காது.

வெட்டு ஓரத்தை மணல் ஒட்டிய மட்டக்கடதாசியால் தேய்த்து வழவழப்பாக்கினேன். பழைய ரிப்பனைக் கழுவி வைத்திருந்தேன். அதை நேராக வைத்துத் தைக்கத் தொடங்கினால் ஒவ்வோர் அங்குலத்திலும் சுருக்கம் விழுந்தது. நேரான ரிப்பன் வட்டத்தில் எப்படி உட்காரும்? எனக்கே என் மேல் சிரிப்பு வந்தது. கழற்றி, நனைத்து, ஒரு பக்கத்தை இழுத்துக்கொண்டே அயன் போட்டேன். ரிப்பன் பிறை போல வளைந்து வந்தது. பிறகு மெஷினைத் தொடாமல் கையாலேயே தைத்தேன். வேலை முடிந்தபோது பஜாரில் கடைகளுக்கு லைட் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தலையில் வைத்துப் பார்த்தார். நிழல் மூக்கு வரை விழுந்தது.

அவர் என் கையை எடுத்து, பொத்துப்போன விரல்களைப் பார்த்தார். "ஒங்களுக்கு நான் என்னா செய்யப் போறேன் மதினி," என்றார்.

"வீட்டுக்குப் போயி என் தங்கச்சிகூடப் பேசுங்க, அது போதும்," என்றேன்.

திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். தலவாக்கலையில் பஸ் மாறி, அவருடைய தோட்டத்து முடக்கில், ரோடு வளைகிற இடத்தில், இறங்கினேன். அவர் அங்கே பையோடு நின்றார். பேசினாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை என்று முகமே சொன்னது. ராத்திரி வீட்டுக்குப் போகும்போது அவள் சாப்பாடு மூடி வைத்துவிட்டுப் படுத்திருந்தாளாம், காலையில் எழும்பி ஏதோ சொல்ல வருவதுபோல நின்றாளாம், பிறகு உள்ளே போய்விட்டாளாம். இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பங்களாவுக்கு ஏறும்போது அவர் கேட்டார். "சுதர்ஷினி மிஸ்கிட்ட என்னா சொல்றது மதினி?"

"ஒன்னும் சொல்லாதீங்க. நேரா போயி ஆணியில மாட்டிட்டு வேலையப் பாருங்க. கேட்டா தூசி தட்டக் கொண்டு போனேன்னு சொல்லுங்க. ஊசிக் குத்து தெரிஞ்சாத்தானே?"

எனக்கு என் தையல் மேல் அவ்வளவு நம்பிக்கை. அவர் தலையை ஆட்டினார்.

சுதர்ஷினி அந்த ஹோட்டலின் மெனேஜர். பூண்டுலோயாப் பக்கத்துப் பெண், வயது முப்பது இருக்கும். பங்களா வாசலில் பூச்சட்டிகளைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தவள் எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். ஆணி காலியாகத்தான் இருந்தது. நான் கஜேந்திரனின் முழங்கையை மெல்ல இடித்தேன், போய் மாட்டுங்க என்று.

அவர் மாட்டவில்லை. தொப்பியைப் பையிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"மிஸ், வெள்ளிக்கிழம இத நான் வீட்டுக்குக் கொண்டு போனேன். கொண்டு போகக்கூடாதுன்னு தெரியும். மழையில நனைஞ்சிருச்சு. காயட்டும்னு அடுப்புக்கு மேல போட்டேன். சுருண்டு போச்சு. இவுங்க என் மதினி, கொட்டகலையில தைக்கிறாங்க. இவுங்கதான் பிரிச்சுச் சரி பண்ணுனாங்க. மொதலாளி வர்றதுக்கு முந்தி ஒங்ககிட்ட சொல்லிறணும்."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். இரண்டு நாள் வேலையையும் இந்த மனுஷன் ஒரு வாயில் கொட்டிவிட்டாரே என்று ஆத்திரம் வந்தது.

சுதர்ஷினி தொப்பியை வாங்கவில்லை. "அடுப்புக்கு மேல போட்டது யாரு?" என்று கேட்டாள்.

"நான்தான் மிஸ்."

"நீங்களே போட்டீங்களா?"

"ஆமா மிஸ். வீட்டுல வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் கேக்கல."

அவள் முகம் திடீரென்று மாறியது. சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை. பூச்சட்டியின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"நேத்துப் பகல் டிலானி இங்க வந்தாங்க," என்றாள். "அந்த மழையில, குறுக்குப் பாதையில ஏறி. கால் பூரா அட்டை. தொப்பிய அடுப்புக்கு மேல போட்டது நான்தான், அவரு வேணாம்னுதான் சொன்னாரு, நான்தான் கேக்கலன்னாங்க. அதே வார்த்த."

கஜேந்திரன் அசையவில்லை.

"அவர நிப்பாட்டிறாதீங்க, அவருக்குப் பதிலா கூட்டுறது கழுவுறது எதுன்னாலும் சம்பளமில்லாம செய்றேன்னாங்க. அவரு கொழும்புக்குப் போனா புள்ள திரும்பவும் அப்பாவ மறந்துரும்னாங்க. நான் அவுங்ககிட்ட ஒன்னுதான் சொன்னேன். தொப்பி போனாப் போகுது. அவரே வந்து நடந்ததச் சொன்னாருன்னா மொதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன். மறைச்சாருன்னா என்னால ஒன்னும் செய்ய ஏலாது, வாசல்ல நிக்கிற ஆள நான் நம்பணும். இத அவருகிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் அனுப்புனேன்."

காலையில் டிலானி சொல்ல வந்து சொல்லாமல் உள்ளே போனது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. நான் சொன்ன புத்திமதியை அவர் கேட்டிருந்தால், என் கண்காணாத தையலே அவரைக் கொழும்புக்கு அனுப்பியிருக்கும். என் பேச்சை யாராவது கேட்காமல் போனால் எனக்குப் பொறுக்காது. அன்றைக்கு மட்டும், என் பேச்சைக் கேட்காத அந்த மனுஷனுக்காக, இருக்கிற எல்லாச் சாமிக்கும் மனசுக்குள் நன்றி சொன்னேன்.

சுதர்ஷினி பிறகுதான் தொப்பியை வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது முந்தி இருந்தத விட நல்லா இருக்கே," என்று சொல்லிவிட்டு, தானே ஆணியில் மாட்டினாள். "மொதலாளி வர இன்னும் நேரம் இருக்கு. வீட்டுக்குப் போயிட்டு வாங்க கஜேந்திரன். தொப்பி இங்கயே இருக்கட்டும்."

குறுக்குப் பாதையிலேயே இறங்கினோம். அவர் முன்னால் போனார், ஓட்டமும் நடையுமாக. நான் வழுக்கி வழுக்கிப் பின்னால் போனேன். லயத்து வாசலில் டிலானி குந்தியிருந்தாள், முழங்கால் வரை சேலையைத் தூக்கி, அட்டைக் கடிக்கு மஞ்சள் பூசிக்கொண்டு. எங்களைக் கண்டதும் சேலையை இழுத்துவிட்டு எழுந்தாள். என் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். நல்லதா கெட்டதா என்று கேட்கிற பார்வை. நான் சிரித்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னீங்களா?" என்று கேட்டாள் அவரிடம்.

"சொன்னேன்," என்றார் கஜேந்திரன். "எல்லாத்தையும் உள்ளபடி சொன்னேன். ஒரே ஒரு பொய்தான் சொன்னேன்."

என்ன பொய் என்று அவள் கேட்கவில்லை. அவளும் அதே பொய்யைத்தானே, பழியைத் தன் மேல் இழுத்துக்கொண்டு, சொல்லியிருந்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் அவள் காலடியில் உட்கார்ந்து, கீழே உருண்ட மஞ்சள் கிண்ணத்தை எடுத்து, விட்ட இடத்திலிருந்து பூச ஆரம்பித்தார்.